ஏலமலைச் சரிவுகளில் பார்வையிழந்த சிறார்

போடிநாயக்கனூரிலும் அதற்கு மேற்கே உயரும் ஏலமலைச் சரிவுகளிலும் தோட்டங்கள் உருவான காலத்தில், அதாவது ஏறத்தாழ 1870 முதல் 1930 வரை, குழந்தைப் பருவத்திலேயே கண்ணை இழந்த சிறாரின் வாழ்நிலையைப் பற்றியது இக்கட்டுரை. இப்படிப் பார்வை இழந்த பிள்ளைகளில் பலர் வாலிப வயதை எட்டவில்லை. வறுமை, கவனிப்பாரின்மை, செங்குத்தான மலைப்பாதை ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுவது வழக்கம். அவை பொய்யல்ல. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் மருத்துவ ஆய்வுகள் இவற்றுக்கு அடியில் இருந்த வேறொரு காரணத்தைக் காட்டின. கண்ணைப் பறித்த குறைபாடே பல பிள்ளைகளின் உயிரையும் பறித்தது. பார்வை போனது ஒரு நோய், பிறகு இறந்தது வேறொரு நோய் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்ததால் இந்த உண்மை நெடுங்காலம் கண்ணில் படவில்லை.

இடமும் காலமும்

போடிநாயக்கனூர் இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. 1996 வரை அது மதுரை மாவட்டத்தின் பகுதி. நாயக்கர் காலத்துப் பாளையங்களில் ஒன்றாக இருந்து பின்னர் ஜமீன் ஆன ஊர். ஊரின் மேற்கே மலை சுவர்போல எழுகிறது. அடிவாரத்திலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். மெட்டைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, தேவிகுளம் என்று இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஊர்கள் வருகின்றன. அன்று அவை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காடுகள். முதுவர், மன்னான், பளியர் ஆகிய மலைக்குடிகள் வாழ்ந்த பகுதி.

அக்காட்டில் விளைந்த ஏலம் 1896 வரை திருவிதாங்கூர் அரசின் தனியுரிமைப் பொருளாக இருந்தது. ஆயினும் அதைப் பயிரிட்டவர்களிலும், காய் எடுத்தவர்களிலும், சுமந்தவர்களிலும் பெரும்பகுதியினர் கிழக்கு அடிவாரத்துத் தமிழர்கள். போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்து விவசாயிகள் மலையேறிக் காட்டின் அடிநிழலைச் செதுக்கி ஏலம் நட்டனர். 1877-இல் ஜே. டி. மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்ததும், பிறகு அங்கே தேயிலை வந்ததும் கூலித் தேவையைப் பன்மடங்காக்கின. அதே ஆண்டுகளில்தான் தாது வருடப் பஞ்சம் (1876–78) சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பஞ்சத்தில் நிலமும் மாடும் இழந்த குடும்பங்களுக்கு மலையும் இலங்கையும்தான் போக்கிடம். 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்டபோது இதே பள்ளத்தாக்கு வழியே ஆயிரக்கணக்கானோர் மலைக்குப் போயினர்.

சாலை என்று சொல்லத்தக்கது நெடுங்காலம் இல்லை. பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையும்தான். 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடி வந்தன. 1924 வெள்ளம் மலைமேல் இருந்த இருப்புப்பாதையை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல்தான். தேயிலைப் பெட்டிக்குக் கம்பிவடம் வந்த பிறகும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைக் கீழே கொண்டுவர மனிதத் தோளைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கண் போன வழிகள்

குழந்தைகளின் கண்ணைப் பறித்ததில் ஊரார் அனைவரும் அறிந்த நோய் பெரியம்மை. அம்மை முத்து கருவிழியிலோ அதன் ஓரத்திலோ எழும்பிப் புண்ணானால், ஆறிய பின் அவ்விடம் வெள்ளையாகத் தடித்துவிடும். இதைப் பூ விழுதல் என்பார்கள். இரு கண்ணிலும் பூ விழுந்தால் வெளிச்சம் மட்டும் தெரியும். அம்மைப்பால் வைத்தல் எனப்பட்ட தடுப்பூசி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் கூலிக் குடும்பங்களைத் தேடிப்பிடித்து ஊசி போடுவது எளிதாக இருக்கவில்லை.

இரண்டாவது, பிறந்த சில நாட்களில் வரும் கண் சீழ். தாயிடமிருந்து பிறப்பின்போது தொற்றும் கிருமியால் வருவது. 1880-களில் ஜெர்மானிய மருத்துவர் கிரெடே பிறந்த குழந்தையின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடும் முறையைப் பரப்பியபின் ஐரோப்பிய மருத்துவமனைகளில் இது வெகுவாகக் குறைந்தது. லயத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சொட்டு கிடைக்க வழியில்லை.

கண்ணில் தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது, பச்சிலைச் சாறு ஊற்றுவது முதலிய கைவைத்தியங்களும் இருந்தன. நல்ல கண்ணுக்கு இவற்றால் பெரிய கேடு வராமல் போகலாம். ஏற்கெனவே கீறல் பட்ட கருவிழியில் அழுக்கான சாறு விழுந்தால் புண் பெரிதாகும். ஏலத்தோட்டத்தில் இலையும் சுள்ளியும் கண்ணில் அடிப்பது அன்றாடம் நடப்பது.

இவை எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் வேலை செய்தது வைட்டமின் ஏ குறைபாடு. அதைத் தனியே விரித்துச் சொல்ல வேண்டும்.

மாலைக்கண்ணிலிருந்து கண் உருகுதல் வரை

வைட்டமின் ஏ உடலில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் நிறமியை உண்டாக்குவது. மற்றொன்று, உடலின் ஈரப் படலங்களைக் காப்பது. கண்ணின் வெளிப்பரப்பு, மூச்சுக்குழல், குடல் ஆகிய அனைத்தின் உட்தோலும் இதை நம்பியே உயிரோடு இருக்கிறது. உடல் இச்சத்தை ஈரலில் சேமித்து வைக்கும். வரவு நின்றால் முதலில் அந்தச் சேமிப்பு கரையும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது.

சேமிப்பு தீரும்போது முதலில் வருவது மாலைக்கண். பகலில் ஓடியாடும் குழந்தை விளக்கேற்றும் நேரத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். முன்னே வைத்த தட்டைத் துழாவும். வாசற்படியில் இடறும். தாய்க்குத்தான் இது முதலில் தெரியும். அடுத்து வெண்விழி தன் பளபளப்பை இழந்து காய்ந்த தோல்போல ஆகிறது. சில குழந்தைகளுக்கு அதன்மீது சோப்பு நுரை ஒட்டியதுபோன்ற வெண்திட்டு தோன்றும். 1863-இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதற்குப் பிட்டோ புள்ளி என்று பெயர். இந்த நிலைவரை எல்லாம் மீட்கக் கூடியது. ஓரிரு நாள் மருந்திலேயே மாலைக்கண் விலகும்.

அதற்கு மேல் போனால் கருவிழி காய்ந்து, புண்ணாகி, மென்மையாகிக் கரைகிறது. இதற்குச் சில நாட்கள் போதும். சில குழந்தைகளுக்கு ஒரே இரவு. பெரும்பாலும் வலியும் சிவப்பும் குறைவு என்பதால் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறது என்றே வீட்டார் நினைப்பார்கள். திறந்து பார்க்கும்போது கண் போயிருக்கும். பால் மறந்த பிறகு, இரண்டு முதல் நான்கு வயதுக்குள் இது மிகுதி.

மலைமேல் இக்குறைபாடு வர ஏதுவாக இருந்தவை பல. தோட்டக் குடும்பங்களின் உணவு கீழிருந்து சுமந்துவந்த அரிசி. வைட்டமின் ஏ அரிசியில் துளியும் கிடையாது. முருங்கை, அகத்தி, பொன்னாங்கண்ணி முதலிய கீரைகளின் பச்சை நிறத்தோடு சேர்ந்திருக்கும் கரோட்டின் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும். ஆனால் சமவெளி வீட்டுக் கொல்லையில் நின்ற முருங்கையும் அகத்தியும் குளிரும் நிழலும் மிகுந்த ஏலக்காட்டில் தழைப்பதில்லை. கறவை மாடு லயத்தில் அரிது. காட்டுக் கீரை கிடைத்த இடத்திலும், சிறு குழந்தைக்குக் கீரை கொடுத்தால் மாந்தம் வரும் என்ற எண்ணம் தடுத்தது. பெரியவர்கள் தின்ற கீரை பிள்ளையின் தட்டுக்கு வரவில்லை.

எண்ணெயும் இங்கே முக்கியம். கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும். கஞ்சியும் உப்பும் ஒரு துவையலும் என்று போன உணவில் கொழுப்பு மிகக் குறைவு.

இதன்மேல் காய்ச்சல்கள் வந்து விழுந்தன. ஏலமலை மலேரியாவுக்குப் பேர்போன இடம். காட்டு ஓடைகளில் பெருகும் கொசு இனத்தால் அது பரவியது. காய்ச்சல் மிகும் மாதங்களில் தோட்டக்காரர்களே கீழிறங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. மலேரியா, வயிற்றுப்போக்கு, தட்டம்மை ஆகிய மூன்றும் உடலின் வைட்டமின் ஏ இருப்பை வேகமாகக் கரைப்பவை. இவற்றுள் தட்டம்மை மிகக் கொடியது. அது கருவிழியையும் நேரடியாகத் தாக்கும். ஏற்கெனவே இருப்புக் குறைந்த குழந்தைக்குத் தட்டம்மை வந்தால், காய்ச்சல் இறங்கிய வாரத்திலேயே கண் கரைந்துபோவதுண்டு.

அம்மை கண்ட வீட்டின் பத்தியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மை இறங்கியிருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, கவுச்சி கூடாது. கஞ்சி, மோர், இளநீர் ஆகலாம். வேப்பிலை கட்டி அந்நியரை உள்ளே விடாமல் இருந்ததும், நோயாளியை அமைதியாகக் கிடத்தியதும் தொற்றைக் குறைத்த நல்ல வழக்கங்கள். ஆனால் எண்ணெயும் கொழுப்பும் மிகத் தேவைப்பட்ட இரண்டு வாரங்களில் அவற்றை முழுதாக நிறுத்தியது, சத்துக்குறைந்த பிள்ளைக்குப் பாதகமாகவே முடிந்திருக்கும். அன்பினாலும் பயத்தினாலும் செய்யப்பட்ட காரியம் இது. தாய்மாரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அன்றைய மருத்துவர்களுக்கும் வைட்டமின் என்ற ஒன்று தெரியாது. கொழுப்பில் கரையும் ஒரு சத்து உயிர் வாழத் தேவை என்று அமெரிக்காவில் மெக்காலம் குழுவினர் கண்டது 1913-இல்.

பாட்டி வைத்தியம் சில இடங்களில் அறிவியலுக்கு முந்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும். மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலைச் சுட்டுக் கொடுப்பது பல ஊர்களில் இருந்த பழக்கம். ஈரல்தான் வைட்டமின் ஏ-யின் கிடங்கு. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்ற சொல்லும் சரியானதே.

ஏன் ஆயுள் குறுகியது

வைட்டமின் ஏ இல்லாதபோது கருவிழி காய்வதுபோலவே மூச்சுக்குழலும் குடலும் தம் காப்பை இழக்கின்றன. கண் வெளியே இருப்பதால் அதில் நடப்பது தெரிகிறது. உள்ளே நடப்பது தெரிவதில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்குச் சாதாரணச் சளி நிமோனியா ஆகிறது. சாதாரண வயிற்றுப்போக்கு நிற்காமல் போகிறது. இக்குறைபாட்டால் பார்வை இழக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அது நவீன மருத்துவம் வந்த பிந்தைய காலத்து மதிப்பீடு. ஒரு நூற்றாண்டுக்கு முன், மலேரியா மலையில், மருத்துவர் இல்லாத இடத்தில் நிலைமை இதைவிட மோசமாகவே இருந்திருக்கும்.

இந்தத் தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது 1980-களில்தான். இந்தோனேசியாவில் ஆய்ந்த ஆல்ஃபிரட் சோமர், லேசான கண் அறிகுறி மட்டுமே இருந்த குழந்தைகள்கூட மற்றவர்களைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு விகிதத்தில் இறப்பதை 1983-இல் வெளியிட்டார். கண் மருத்துவரான அவர் கண்ணுக்காகவே ஆய்வைத் தொடங்கியிருந்தார். பலர் நம்பவில்லை. நம்பவைத்த ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளைக் கொண்டு லைலா ரஹ்மத்துல்லா தலைமையில் நடந்த அந்த ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. முடிவு 1990-இல் வெளியானது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த குழு இதை நடத்தியது என்பது குறிப்பிடத்தக்கது.

இதைக் கொண்டு பின்னோக்கிப் பார்த்தால் ஏலமலைப் பிள்ளைகளின் கதை வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. பார்வையற்ற பிள்ளை சரிவில் தவறி விழுந்தது உண்டு, வீட்டின் கடைசித் தட்டு அதற்குப் போனது உண்டு. ஆனால் பலருடைய விதி கண் போன வாரத்திலேயே முடிவாகியிருந்தது.

பெரியம்மையில் கண் போனவர்களின் நிலை இதிலிருந்து மாறுபட்டது. நோயின் உச்சத்தைத் தாண்டிப் பிழைத்துவிட்டால் அவர்களுடைய உடல் முழு வலிமையோடு இருக்கும். மறுபடி பெரியம்மையும் வராது. ஆகவே வளர்ந்து வாலிபராகி, ஊர் அறிந்த பார்வையற்றவர்களாக இருந்தவர்களில் பலர் அம்மைத் தழும்போடு இருந்தது தற்செயல் அல்ல.

வீரபாண்டி

கண்ணையும் அம்மையையும் இணைத்துப் பார்க்கும் வழக்கம் இப்பகுதி வழிபாட்டிலேயே உண்டு. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லையாற்றின் கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் தலபுராணம் பார்வை இழந்த ஒரு பாண்டிய அரசனைப் பற்றியது. அவன் இங்கே வந்து வழிபட, ஒரு கண்ணைக் கௌமாரியும் மறு கண்ணைக் கண்ணீஸ்வரமுடையாரும் தந்தனர் என்பது கதை. சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கவும் நேர்த்திக்கடன் செலுத்தவும் மலைத்தோட்டங்களிலிருந்தும் மக்கள் இறங்கிவருவர். அம்மன் கோயில்களில் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவது தமிழகமெங்கும் உள்ள வேண்டுதல். நோயைத் தருபவளாகக் கருதப்பட்ட அம்மனிடமே கண்ணையும் கேட்டது, மாகாணத்தின் கண் மருத்துவமனை எட்டாத் தொலைவில் இருந்த காலத்தில் வேறு யாரிடம் கேட்பது என்ற நிலையோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது. சென்னையில் கண் மருத்துவமனை 1819-லேயே தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது. போடியிலிருந்து அதை அடைய மதுரைவரை வண்டிப் பாதையும் அங்கிருந்து நீண்ட ரயில் பயணமும் ஆகும்.

வளர்ந்தவர்களின் நாட்கள்

தோட்டத்தில் கூலி ஆள்கணக்கில். கங்காணி முன்பணம் கொடுத்துக் குடும்பத்தை அழைத்துப் போகும்போது, வேலை செய்யும் கைகளை எண்ணித்தான் தொகை. பார்வையற்ற பையன் அந்த எண்ணிக்கையில் வரமாட்டான். ஆனால் அவனுக்கும் அரிசி வேண்டும். ஆகவே பல குடும்பங்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன: பையனையும் கூட்டிக்கொண்டு மலையேறுவது, அல்லது அடிவாரத்தில் பாட்டியிடமோ அத்தையிடமோ விட்டுப்போவது. மலையில் வழுக்கும் தடமும், அட்டையும், ஆறு மாத மழையும். கீழே பழகிய தெருவும் திண்ணையும். விட்டுப்போவதே பல சமயம் பையனுக்கு நல்லதாக இருந்திருக்கும், தாய்க்கு அது எப்படி இருந்தாலும்.

கீழே இருந்தால் கையால் செய்யும் வேலைகள் கிடைக்கும். திருகை சுற்றுவது, நெல் குத்துவது, கயிறு திரிப்பது, பெரிய வீடுகளிலும் கச்சேரிகளிலும் பங்கா இழுப்பது ஆகியவை பார்வை தேவைப்படாத வேலைகள். ஏல வேலையிலும் ஒரு பகுதி விரலை நம்பியது. ஸ்டோரில் சூடேற்றி உலர்த்திய காயைத் தேய்த்துக் காம்பையும் பூவின் எச்சத்தையும் நீக்க வேண்டும். உலர்ந்ததா என்று தெரிந்துகொள்வதும் கையால்தான். உள்ளே விதை ஆடும் ஓசை, ஓட்டின் விறைப்பு, மணம் ஆகிய மூன்றும் சொல்லிவிடும். பச்சை நிறம் பார்த்துத் தரம் பிரிப்பதற்கு மட்டும் கண் வேண்டும். விலை நிர்ணயிப்பது நிறமே என்பதால் கூலியில் மேலான வேலை அதுதான்.

பாடவும் கதை சொல்லவும் தெரிந்தவருக்குத் திருவிழாக் கூட்டம் சோறு போட்டது. மற்றவர்களுக்குக் கோயில் வாசல்.

இந்தியக் குடிமதிப்பில் 1881 முதல் 1931 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை பார்வையற்றோர் தனிப் பத்தியில் எண்ணப்பட்டனர். மனநோய், செவிட்டூமை, தொழுநோய் ஆகியவற்றோடு சேர்த்து நான்கு குறைபாடுகளுக்கான அட்டவணை அது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பத்தி எண்ணியது எண்ணும் நாளில் உயிரோடு இருந்தவர்களை. மூன்று வயதில் கண் போய் நான்கு வயதில் இறந்த குழந்தை பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் விழாது. குழந்தைகளிடையே பார்வையிழப்பு குறைவு என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். பிள்ளைகள் தப்பினார்கள் என்பதற்கு அது சான்றாகாது.

பெயர் நிலைத்த இருவர்

இதே காலத்தில் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தும் புகழ்பெற்ற இரு தமிழர்களின் வாழ்வை ஒப்பிட்டால் எது வேறுபாட்டை உண்டாக்கியது என்பது தெளிவாகும்.

மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836–1884) பழனியில் பிறந்தவர். போடிக்கு வடகிழக்கே, கொடைக்கானல் மலைத்தொடரின் மறுபக்க அடிவாரம் பழனி. மூன்று வயதில் பெரியம்மையால் பார்வை இழந்தார். கல்வியில் நாட்டமுள்ள விசுவகர்மக் குடும்பத்தில் பிறந்ததால், பிறர் படிக்கக் கேட்டே இலக்கணமும் இலக்கியமும் மனத்தில் ஏற்றிக்கொண்டார். இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவரின் ஆதரவு கிடைத்தது. அவைகளில் கேட்டவுடன் பாடும் ஆசுகவியாக விளங்கினார். தமிழ்க் கல்வி மனப்பாடத்தையும் செவியையும் சார்ந்திருந்ததால் அவருக்கு அது மூடிய கதவாக இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுதச் சொல்லி எழுத்துக் கற்றார் என்ற மரபுவழிச் செய்தியும் இதே வகையைச் சேர்ந்தது.

மற்றொருவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). இயற்பெயர் விஸ்வநாத சாஸ்திரி. சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். அதுவரை துணைக் கருவியாகவே கருதப்பட்ட புல்லாங்குழலைக் கர்நாடக இசையில் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்தியவர் இவரே. துளையை முழுதாகத் திறப்பதா, பாதி மூடுவதா, விரலை உருட்டுவதா என்று சோதித்துக் கமகங்களைக் குழலில் கொண்டுவரும் விரல்முறையைத் தானே அமைத்தார். புல்லாங்குழல் வாசிப்பவர் தம் விரலைப் பார்க்க முடியாது, பார்க்கத் தேவையும் இல்லை. பல்லடம் சஞ்சீவ ராவ் இவருடைய சீடர். அவர் வழியாக இந்த வாசிப்பு முறை அடுத்த தலைமுறைக்குப் போனது. சாஸ்திரி இறந்தபோது வயது 32. வாசிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகளுக்குள் ஒரு கருவியின் நிலையை மாற்றியவர்.

இருவருக்கும் இருந்தவை: உணவு தட்டாத வீடு, செவிவழிக் கல்வி நடக்கும் ஊர், கேட்டு மதிக்கும் அவை. ஏலமலை லயத்தில் இம்மூன்றும் இல்லை.

பள்ளிக்கூடம்

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை ஆனி ஷார்ப் 1887-இல் அமிர்தசரஸில் தொடங்கினார். தமிழகத்தில் பாளையங்கோட்டையில் 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி முன்னோடி. பார்வையற்றவர் படிக்கவும் கைத்தொழில் செய்து பிழைக்கவும் முடியும் என்பதைத் தென் மாவட்டங்கள் அங்கேதான் முதலில் கண்டன. போடியிலிருந்து பாளையங்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ரயில் இல்லாத போடியிலிருந்து ஒரு கூலிக் குடும்பம் பையனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க, பள்ளி இருப்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பிரெய்ல் எழுத்திலும் சிக்கல் இருந்தது. இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு பாதிரிமாரும் ஆசிரியர்களும் வெவ்வேறு புள்ளி முறைகளை அமைத்திருந்தனர். ஒரு பள்ளியில் கற்றவர் மற்றொரு பள்ளியின் நூலைப் படிக்க முடியாத நிலை. 1951-இல் பாரதி பிரெய்ல் ஏற்கப்பட்ட பிறகே தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் ஒரே அடிப்படை கிடைத்தது.

பிற்கால மாற்றங்கள்

கருவிழி உருகும் நோய் தென்னிந்தியாவில் எவ்வளவு பரவலானது என்பதை 1930-களில் சென்னை அரசு கண் மருத்துவமனையின் ஆர். ஈ. ரைட்டும் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் ஐக்ராய்டும் எடுத்துக்காட்டினர். செம்பனை எண்ணெய் கொடுத்துக் குணப்படுத்தும் முயற்சியும் நடந்தது. 1950-களில் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் டி.டி.டி. தெளிப்பு மலையைக் குடியிருக்கத் தக்கதாக்கியது. பெரியம்மையின் கடைசி நோயாளி இந்தியாவில் 1975-இல் காணப்பட்டார்.

மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவராக இருந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி 1970-களின் தொடக்கத்தில், கண் காய்ந்த குழந்தைகளைத் தாயோடு தங்கவைத்து உணவூட்டும் மையம் ஒன்றை நடத்தினார். மருந்தோடு சமையலும் அங்கே சிகிச்சை. ஊரில் மலிவாகக் கிடைக்கும் கீரையையும் பயறையும் குழந்தைக்கு ஏற்றபடி சமைக்கத் தாய்மார் கற்றுத் திரும்பினர். பின்னர் 1976-இல் அவர் 11 படுக்கைகளுடன் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. 1980-களில் அதன் கிளை தேனிக்கும் வந்தது. போடியிலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம்.

1990-களில் மதுரை மாவட்டத்தில் நடந்த கணக்கெடுப்பின்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. வயலிலும் தோட்டத்திலும் இலை, சுள்ளி, தூசு பட்டு வருவதே மிகுதி. சத்துக்குறைவால் வரும் பார்வையிழப்பு குறைந்த பிறகும் ஏலக்காட்டில் மீந்திருக்கும் ஆபத்து இதுதான்.

குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-இல் தொடங்கியது. இப்போதைய அட்டவணையில் ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு சேர்த்து முதல் தவணை 1 லட்சம் அலகு, பிறகு ஐந்து வயது முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு 2 லட்சம் அலகு, மொத்தம் ஒன்பது தவணை. மஞ்சள் நிறமான அந்த மருந்தைச் சிறு கரண்டியில் அளந்து, எண்ணெயாகவே வாயில் ஊற்றுவார்கள்.